தீவன எரிசக்தியும் பன்றியின் தசை வளர்ச்சியும்

(வெள்ளி விழாக் கருத்தரங்கில் நிகழ்த்திய உரை)



வெள்ளி விழாக் காணும் நம் கல்விக் கழகத்தின் மேடையில், காலை முதல் அறிஞர் பலர் கல்வி பற்றியும் சட்டம் பற்றியும் அரசுப் பணி பற்றியும் சிறப்பாக உரையாற்றினர். எனக்கு அளிக்கப்பட்ட தலைப்போ பன்றியின் தீனி! அழைப்பிதழில் இதனைக் கண்ட நண்பர் ஒருவர் என்னிடம் வருத்தத்தோடு பேசினார். "இருபத்தைந்து ஆண்டுகளாக நம் பிள்ளைகளைப் பன்றிக் கொட்டிலிலிருந்து வெளியே கொண்டுவரப் பாடுபட்டோம். நீங்கள் மறுபடியும் அங்கேயே அழைத்துப் போகிறீர்களே, ஐயா" என்றார்.

அவர் வருத்தம் நியாயமானது. பள்ளியில் ஒரு கணக்கு தவறியதற்காக, "நீ பன்றி மேய்க்கத்தான் தகுதி" என்று ஆசிரியர் ஒருவர் சொல்ல, வகுப்பு முழுவதும் சிரித்ததை நானும் கேட்டு வளர்ந்தவன். பன்றி வளர்ப்பது இன்ன குலத்தார் கடமை என்று எவரேனும் கூறுவராயின் அதனை முதலில் எதிர்த்து நிற்பவனும் நானே. ஆயினும் ஒன்றைக் கவனியுங்கள். நேற்றுவரை நம்மை இழித்துரைக்கக் காரணமாயிருந்த அதே விலங்கு, சிமெண்டுத் தளமும் வங்கிக் கடனும் கிடைத்தவுடன் "வெண்பன்றிப் பண்ணைத் தொழில்" என்று மதிப்போடு பேசப்படுகிறது. அத்தொழிலில் இறங்குவோர் தீவனக் கணக்கு அறிந்து இறங்குகின்றனர். தலைமுறை தலைமுறையாகப் பன்றியோடு வாழ்ந்த நம் குடும்பங்களுக்கு அக்கணக்கை எவரும் சொல்லித் தரவில்லை. இத்தொழிலை விட்டு வெளியேறுவோர் வெளியேறட்டும், மகிழ்ச்சி. இன்றும் அதில் இருப்போர் ஏன் அறியாமையோடு இருந்து நட்டப்பட வேண்டும்? இதுவே என் கேள்வி.

அமெரிக்க நாட்டில் அடிமைக் குடும்பத்தில் பிறந்து அறிவியலறிஞராக உயர்ந்த ஜார்ஜ் வாஷிங்டன் கார்வரைப் பற்றி மாணவர்கள் படித்திருப்பீர்கள். வேர்க்கடலை ஆராய்ச்சியால் புகழ்பெற்றவர் என்று பாடநூல்கள் கூறும். கறுப்பின மக்களின் கல்விக்கென அமைந்த டஸ்கிகி நிலையத்தில் அவர் பணியாற்றியபோது 1898ஆம் ஆண்டு வெளியான முதல் வேளாண் வெளியீடு எதைப் பற்றியது தெரியுமா? காட்டில் உதிர்ந்து கிடக்கும் ஓக் மரக் கொட்டைகளைக் கால்நடைத் தீனியாகப் பயன்படுத்துவது பற்றியது. பணமில்லாத உழவனின் பன்றிக்கு எதை ஊட்டலாம் என்று ஆராய்வதை அவர் தமக்கு இழுக்கென்று எண்ணவில்லை. ஆகவே, நானும் கூச்சமின்றிப் பொருளுக்கு வருகிறேன்.

என் தாயார் ஐந்தாறு பன்றிகள் வைத்திருந்தார். விற்கும் காலத்தில் வியாபாரி வருவார். பன்றியின் முதுகில் கட்டைவிரலை அழுத்திப் பார்ப்பார். "எல்லாம் கொழுப்பு, கறி எங்கே இருக்கு?" என்று கூறி விலையைக் குறைப்பார். அது வியாபாரியின் தந்திரம் என்றே என் தாயார் இறுதிவரை நம்பினார். கால்நடை மருத்துவம் பயின்ற பின்னரே, அதில் பாதி தந்திரம், பாதி உண்மை என்று நான் உணர்ந்தேன். அந்த உண்மைப் பாதியைத்தான் இன்று உங்கள் முன் வைக்கிறேன்.

பன்றி உண்ணும் தீனியிலிருந்து அதன் உடலுக்குக் கிடைக்கும் ஆற்றலை எரிசக்தி என்கிறோம். கிலோ கலோரி என்னும் அளவால் அதனைக் குறிப்பர். இந்த எரிசக்தி மூன்று வழிகளில் செலவாகிறது. முதற்செலவு உயிர் காப்பது: மூச்சு விட, இரத்தம் ஓட, உடற்சூடு காக்க, எழுந்து நடமாட. 20 கிலோ எடையுள்ள குட்டிக்கு இதற்கு மட்டும் நாளொன்றுக்கு ஏறக்குறைய 1,000 கிலோ கலோரியும், 50 கிலோ பன்றிக்கு 2,000 கிலோ கலோரியும், 80 கிலோ பன்றிக்கு 2,800 கிலோ கலோரியும் தேவை. இது வீட்டு வாடகை போன்றது. பன்றி வளர்ந்தாலும் வளராவிட்டாலும் கொடுத்தே தீர வேண்டும். இரண்டாவது செலவு தசை வளர்ச்சி. மூன்றாவது கொழுப்புச் சேமிப்பு. வாடகை போக எஞ்சியது இவ்விரண்டிற்கும் எவ்வாறு பங்காகிறது என்பதில்தான் பன்றி வளர்ப்பவரின் இலாபமும் நட்டமும் அடங்கியுள்ளன.

தசைக்கும் கொழுப்புக்கும் ஆகும் செலவு சமமன்று. தசையில் ஏறக்குறைய முக்கால் பங்கு நீர். ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்று மேல் புரதம். நீருக்கு எரிசக்தி தேவையில்லை. கொழுப்புத் திசுவிலோ நீர் மிகக் குறைவு; பெரும்பகுதி கொழுப்பே. ஒரு கிலோ கலப்புத் தீவனத்தில் 3,200 கிலோ கலோரி இருப்பதாகக் கொள்வோம். உயிர் காக்கும் செலவு நீங்கலாகப் பார்த்தால், ஒரு கிலோ தசை உருவாக முக்கால் கிலோ தீவனத்தின் எரிசக்தி போதும். ஒரு கிலோ கொழுப்புத் திசு சேர்வதற்கோ ஏறக்குறைய மூன்றரைக் கிலோ தீவனம் வேண்டும். வியாபாரி வேண்டாமென்று ஒதுக்கும் அந்தக் கொழுப்புக்கு நாம் நான்கு மடங்குக்கு மேல் செலவிட்டிருக்கிறோம்!

"நாங்கள் கொழுப்பையா ஊட்டுகிறோம்? சோறும் கஞ்சியும் மரவள்ளியுந்தானே" என்று தாய்மார்கள் கேட்கலாம். மாவுச்சத்தே உடலில் கொழுப்பாக மாறிவிடுகிறது. இங்கிலாந்தில் ராதம்ஸ்டெட் பண்ணையில் லாஸ், கில்பர்ட் என்னும் இருவர் 19ஆம் நூற்றாண்டின் நடுவில் பன்றிகளைக் கொண்டே இதனைக் காட்டினர். பன்றி உண்ட தீனியில் இருந்த கொழுப்பைவிட அதன் உடலில் சேர்ந்த கொழுப்பு பன்மடங்கு மிகுந்திருந்தது.

இனி, இவ்வுரையின் உயிர்நாடியான ஆராய்ச்சிக்கு வருகிறேன். நியூசிலாந்து நாட்டினரான மெக்மீகன் என்பவர், கேம்பிரிட்ஜில் ஜான் ஹாமண்ட் என்னும் பேரறிஞரின் வழிகாட்டுதலில் நிகழ்த்தி 1940ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆராய்ச்சி அது. அவர் பன்றிகளை நான்கு கூட்டங்களாகப் பிரித்தார். முதற்கூட்டம் தொடக்கம் முதல் முடிவுவரை நிறைய உண்டது. இரண்டாம் கூட்டம் 16 வாரம் வரை நிறையவும் பின்னர்க் குறைவாகவும் உண்டது. மூன்றாம் கூட்டம் இதற்கு நேர்மாறு: 16 வாரம் வரை குறைவு, பின்னர் நிறைவு. நான்காம் கூட்டத்திற்கு எப்போதும் குறைவே. 200 பவுண்டு, அதாவது 90 கிலோ எடை எய்தியதும் அவற்றை அறுத்துத் தசை, கொழுப்பு, எலும்பு எனப் பிரித்து எடை போட்டார்.

இரண்டாம் கூட்டமும் மூன்றாம் கூட்டமும் ஏறக்குறைய ஒரே வயதில் அந்த எடையை எட்டுமாறு தீனி திட்டமிடப்பட்டிருந்தது. ஒரே எடை, ஒரே வயது. வெளியில் நின்று பார்ப்பவருக்கு வேறுபாடு பெரிதாகத் தோன்றாது. உள்ளேயோ, இளமையில் நிறைய உண்ட கூட்டத்தின் உடலில் நூற்றுக்கு 45 பங்கு தசையும் 33 பங்கு கொழுப்பும் இருந்தன. இளமையில் பட்டினி கிடந்து பின்னர் நிறைய உண்ட கூட்டத்திலோ தசை 36 பங்கு. கொழுப்பு 44 பங்கு. நான்கு கூட்டங்களிலும் மிகக் கொழுத்தது அதுதான். எப்போதும் குறைவாக உண்ட நான்காம் கூட்டத்தில் கொழுப்பு மிகக் குறைவே. ஆனால் அது எடைக்கு வர மிக நீண்ட காலம் பிடித்தது. அத்தனை நாளும் வாடகை கொடுத்தாக வேண்டுமல்லவா?

அன்பர்களே, அந்த மூன்றாம் கூட்டத்தைச் சற்று எண்ணிப் பாருங்கள். பால் மறந்த குட்டிக்குத் தண்ணீராய் ஓடும் கழுநீரும் ஒரு கைத் தவிடும். மீதிக்குத் தெருவில் மேய்ந்து வயிறு நிரப்பட்டும் என்று விட்டுவிடுகிறோம். விற்க இரண்டு மாதம் இருக்கும்போது கட்டிப்போட்டு, மரவள்ளியும் திருமண மண்டபத்துச் சோறும் வயிறு முட்டக் கொடுக்கிறோம். என் தாயார் செய்தது இதுவே; நம் தெருக்களில் இன்றும் பெரிதும் நடப்பது இதுவே. கேம்பிரிட்ஜில் சோதனைக்காகச் செய்த தவற்றை நாம் வழக்கமாகவே கைக்கொண்டிருக்கிறோம்.

வளரும் பருவத்தில் வயிறு காய்வது என்னவென்று இம்மண்டபத்தில் இருப்போர்க்கு நான் விளக்க வேண்டியதில்லை. பன்றியின் வளர்ச்சியை ஆராய்ந்தோர் அதற்கு ஓர் அளவுகோலே கொடுத்துள்ளனர். பன்றியின் உடலில் நாளொன்றுக்கு இவ்வளவு புரதந்தான் தசையாகச் சேரும் என்னும் உச்சவரம்பு ஒன்று பிறப்பிலேயே அமைந்துள்ளது. அவ்வரம்பை எட்டும்வரை எரிசக்தியைக் கூட்டக் கூட்டத் தசையும் கூடும். எட்டிய பின் எவ்வளவு கொடுத்தாலும் தசை கூடாது, மிகுதி முழுவதும் கொழுப்பே. இக்கருத்தை 1976இல் விட்டமோர், ஃபாசெட் என்னும் இருவர் கணித வடிவில் முன்வைத்தனர். 1980களில் ஆஸ்திரேலியாவில் காம்பெல், டாவர்னர் முதலியோர், இளம்பன்றியின் வயிறு கொள்ளும் அளவுக்குத் தீனி கொடுத்தும் தசை வளர்ச்சி நேர்கோட்டில் ஏறிக்கொண்டே போவதைக் கண்டனர். அதாவது, குட்டியின் பசியே அதன் வரம்பைவிடச் சிறியது. ஏறத்தாழ 50 கிலோவைக் கடந்த பன்றிக்கோ பசி பெரிது. வரம்பைத் தாண்டி உண்ணும் வல்லமை அதற்கு உண்டு.

ஆகவே, குட்டியின் தீனியில் ஒரு பிடி குறைத்தால் அது தசையிலிருந்து குறைத்த பிடி. பெரிய பன்றியின் தீனியில் அளவறிந்து ஒரு பிடி குறைத்தால் அது கொழுப்பிலிருந்து குறைத்த பிடி.

கழுநீர் குட்டிக்கு ஏன் போதாது என்பதையும் கணக்கிட்டுப் பார்க்கலாம். உணவகக் கழிவில் நூற்றுக்கு 80 பங்கு நீர் இருப்பதாகக் கொள்வோம். 20 கிலோ குட்டி நாளொன்றுக்கு ஒரு கிலோ உலர்ந்த தீவனம் உண்ண வேண்டும். அதே சத்தைக் கழிவிலிருந்து பெற நாலரைக் கிலோ குடிக்க வேண்டும். அதன் சிறு வயிறு அதற்கு இடங்கொடாது. வயிறு நிறையும், பசி ஆறாது. 80 கிலோ பன்றி 12 கிலோ கழிவை எளிதில் உட்கொள்ளும். எனவே கழிவு கிடைப்பவர்கள் அதனைப் பெரிய பன்றிக்கு வைத்துக்கொண்டு, காசு கொடுத்து வாங்கும் மக்காச்சோளத்தையும் புண்ணாக்கையும் குட்டிக்குக் கொடுக்க வேண்டும். நாம் செய்வது இதற்கும் நேர்மாறு.

எரிசக்தி மட்டும் போதுமா என்று கேட்டால், போதாது. இதனைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும். தவறு நிகழ்வது பெரும்பாலும் இங்கேதான். சுவர் எழுப்பக் கொத்தனாருக்குக் கூலியும் வேண்டும், செங்கல்லும் வேண்டும். எரிசக்தி கூலி; புரதம் செங்கல். கூலி கொடுத்துவிட்டுச் செங்கல் கொடுக்காவிட்டால் சுவர் எழாது. உடலில் அந்தக் கூலிப்பணம் வீணே கிடப்பதுமில்லை. கொழுப்பாக மாறி முதுகில் ஏறிவிடுகிறது. மரவள்ளிக்கிழங்கில் மாவுச்சத்து மிகுதி. புரதமோ நூற்றுக்கு மூன்று பங்குகூடத் தேறுவதில்லை. சேலம் பக்கத்துச் சவ்வரிசி ஆலைகளிலிருந்து வரும் திப்பியும் அத்தகையதே. இவற்றை மட்டும் உண்ட பன்றி இளமையிலேயே கொழுத்துப் போகும். கொழுத்த பன்றியைக் கண்டு, "நன்றாக உண்டிருக்கிறது" என்று சொல்கிறோம். உண்மையில் அது செங்கல் கிடைக்காத பன்றி.

புரதத்திலும் தரம் உண்டு. புரதம் என்பது அமினோ அமிலங்களின் கோவை. அவற்றுள் லைசின் என்பது தானியத் தீனியில் முதலில் பற்றாக்குறையாவது. கடலைப் புண்ணாக்கில் நூற்றுக்கு 40 பங்குக்கு மேல் புரதம் இருந்தும் லைசின் குறைவு. சோயாப் புண்ணாக்கில் அது ஏறக்குறைய இரு மடங்கு. உப்பு மிகாத நல்ல மீன்தூளிலும் நிறைய உண்டு. 20 முதல் 50 கிலோ வரை தீவனத்தில் நூற்றுக்கு 0.95 பங்கும், 50 முதல் 80 கிலோ வரை 0.75 பங்கும், அதற்குமேல் 0.60 பங்கும் லைசின் இருத்தல் வேண்டும் என்பது அமெரிக்கத் தேசிய ஆராய்ச்சிக் குழு 1998இல் தந்த அளவு. புரதத்தை வேண்டியதற்குமேல் கொட்டுவதும் வீணே. மிகுதியான புரதத்தை உடல் சிதைத்துச் சிறுநீரில் கழிக்கிறது. அதற்கும் எரிசக்தி செலவு, உடலுக்கும் சூடு. புண்ணாக்கு விற்கும் விலைக்கு இது பெரும் ஊதாரித்தனம்.

ஒரு கணக்கைச் சொல்கிறேன், மாணவர்கள் குறித்துக்கொள்ளலாம். 80 கிலோ வெண்பன்றி ஒன்று நாளொன்றுக்கு 3 கிலோ தீவனம் உண்கிறது. கிடைப்பது 9,600 கிலோ கலோரி. உயிர் காக்க 2,800 போக எஞ்சியது 6,800. அப்பன்றியின் வரம்பு நாளொன்றுக்கு 120 கிராம் புரதம் என்று கொண்டால், அதற்கு ஏறக்குறைய 1,300 கிலோ கலோரி செலவாகும். மீதி 5,500 கிலோ கலோரியும் கொழுப்புக்கே போகிறது. அதாவது நாளொன்றுக்கு 440 கிராம் கொழுப்பு. இதில் அரைக் கிலோ தீவனத்தைக் குறைத்துப் பாருங்கள். லைசின் போதிய அளவு இருக்கும்வரை தசை வளர்ச்சி குறையாது; கொழுப்பு மட்டும் நாளொன்றுக்கு 130 கிராம் அளவில் குறையும். நாற்பது நாளில் 20 கிலோ தீவனம் மிச்சம். ஐந்து கிலோவுக்கு மேல் கொழுப்புக் குறைவு.

இங்கே நான் ஒன்றை மறைக்கக் கூடாது. விற்கும்போது அப்பன்றியின் எடையும் அந்த ஐந்தாறு கிலோ குறைவாகவே இருக்கும். உயிர் எடைக்கே விலை தரும் வியாபாரியிடம் அது நட்டமா இலாபமா என்பதை அன்றைய தீவன விலையையும் பன்றி விலையையும் அருகருகே எழுதிப் பார்த்துத்தான் சொல்ல முடியும். முதுகை அழுத்திப் பார்த்து விலை குறைப்பவரிடமும், அறுத்த பின் கறிக்கு விலை பேசுபவரிடமும் குறைத்துக் கொடுத்ததே இலாபம். ஒருகாலத்தில் மேலைநாடுகளில் பன்றிக் கொழுப்புக்கே மதிப்பு மிகுதி. சமையலுக்கும் சோப்புக்கும் அது வேண்டியிருந்தது. தாவர எண்ணெய்கள் மலிந்தபின் அம்மதிப்புச் சரிந்தது. டென்மார்க் நாட்டினர் ஆங்கிலேயர் விரும்பிய கொழுப்புக் குறைந்த இறைச்சிக்காக 1907ஆம் ஆண்டிலேயே பன்றிச் சோதனை நிலையம் அமைத்து இனத்தைத் திருத்தத் தொடங்கினர்.

இனத்துக்கு இனமும், பாலுக்குப் பாலும் வரம்பு மாறும். நாட்டுப் பன்றியின் தசை வரம்பு வெண்பன்றியினும் சிறிது. வெண்பன்றிக்குரிய தீனியை அதற்குக் கொடுத்தால் விரைவில் கொழுக்கும். காயடித்த ஆண் மிகுதியாக உண்டு மிகுதியாகக் கொழுக்கும்; பெண் அதனினும் மெலிந்தது; காயடிக்காத ஆண் எல்லாவற்றினும் தசை மிக்கது. ஆகவே தீனியைக் குறைக்கத் தொடங்கும்போது காயடித்தவற்றை முதலில் பிரித்துக் கட்டுங்கள்.

நம் நாட்டுக் கோடையில் வேறொரு தொல்லை. பன்றிக்கு மனிதரைப்போல் வியர்ப்பதில்லை. வெயில் ஏறினால் தீனியைக் குறைத்துக்கொள்ளும். பெரிய பன்றிக்கு அது அவ்வளவு கேடன்று; குட்டிக்கோ தசை இழப்பு. விடியற்காலையிலும் பொழுது சாய்ந்த பின்னும் தீனி வையுங்கள். நண்பகலில் நீர் தெளியுங்கள். சிறிதளவு எண்ணெய் சேர்த்தால் குறைந்த அளவில் மிகுந்த எரிசக்தி கிடைக்கும். செரிக்கும்போது எழும் சூடும் குறைவு. ஆனால் எண்ணெய் நீக்காத தவிட்டைப் பெரிய பன்றிக்கு மிகுதியாகக் கொடுத்தால் அதன் கொழுப்பு இளகித் தளர்ந்துவிடும். காறல் ஏறிய தவிட்டை எந்தப் பன்றிக்கும் கொடுக்காதீர்கள்.

உணவகக் கழிவைப் பற்றி ஓர் எச்சரிக்கை. ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் 2020ஆம் ஆண்டு நம் நாட்டின் வடகிழக்கில் நுழைந்தது. 2022இல் கேரளத்தின் வயநாட்டிலும், 2023இல் முதுமலைப் பகுதிக் காட்டுப்பன்றிகளிலும் கண்டறியப்பட்டது. வந்தால் கொட்டில் முழுவதும் காலியாகும், மருந்தில்லை. பன்றி இறைச்சித் துணுக்குகள் கலந்த கழிவு அந்நோயைக் கொண்டுவரும். கழிவு எதுவாயினும் ஒரு மணி நேரம் நன்கு கொதிக்க வைத்து ஆற்றிய பின்னரே கொடுங்கள்.

"50 கிலோவில் தீனியை மாற்று என்கிறீர்கள், எங்களிடம் எடைமேடை ஏது?" என்று கேட்பீர்கள். தையற்காரர் வைத்திருக்கும் அளவு நாடா போதும். முன்னங்கால்களுக்குப் பின்னால் மார்பைச் சுற்றி எத்தனை அங்குலம் என்று அளந்து, அந்த எண்ணை அதே எண்ணால் பெருக்குங்கள். காதுகளின் அடியிலிருந்து வாலின் அடிவரை முதுகின் நீளத்தை அளந்து, அதனாலும் பெருக்கி, 400ஆல் வகுத்தால் எடை பவுண்டில் கிடைக்கும். மார்பு 36 அங்குலம், நீளம் 40 அங்குலம் என்றால் ஏறக்குறைய 130 பவுண்டு, அதாவது 59 கிலோ. அந்தப் பன்றிக்குத் தீனி மாற்றும் நாள் கடந்துவிட்டது என்று பொருள். இக்கணக்கு ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கு எளிது. பன்றியைப் பிடிப்பதுதான் கடினம்!

பத்து அளவு நாடாக்கள் கொண்டு வந்துள்ளேன். பன்றி வளர்க்கும் வீட்டுப் பிள்ளைகள், விழா முடிந்ததும் கழக அலுவலகத்தில் என்னிடம் பெற்றுக்கொள்ளலாம். கூடவே ஒரு குறிப்பேடும் தருகிறேன். வாரம் ஒருமுறை அளந்து, கொடுத்த தீனியையும் எழுதி வையுங்கள். பொங்கலுக்குப் பின் நான் மீண்டும் வருவேன். அப்போது கணக்குகளை ஒன்றாக உட்கார்ந்து பார்ப்போம்.